மூங்கில் தட்டி மடம் கண்ட எலீஸ்வா அம்மையார்

செல்வர் ஒருவர் அறம் செய்தார் என்னும் செய்தி செவிப்படும்போது நம் உள்ளத்தில் இரண்டு உணர்ச்சிகள் ஒருசேர எழுவதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஒன்று நன்றி, மற்றொன்று ஐயம். பசித்த வயிற்றுக்குக் கஞ்சி வார்த்த கையை நம் முன்னோர் கும்பிட்டனர். அக்கஞ்சிக்கான நெல் யாருடைய உழைப்பால் விளைந்தது என்பதையும் அதே முன்னோர் அறிந்தே இருந்தனர். அதனை வாய்விட்டுச் சொல்லத்தான் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

திண்டுக்கல் நகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களிலும் நம் மக்களுள் பலருக்கு முதன்முதல் எழுத்தறிவித்தோர் வெளியிலிருந்து வந்தவர்களே. 1835ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷன் திண்டுக்கல்லில் தன் நிலையத்தை நிறுவியது. கத்தோலிக்கக் குருக்களும் கன்னியரும் பள்ளிகள் கண்டனர். தோல் பதனிடும் தொட்டிகளிலும் பூட்டுப் பட்டறைகளிலும் புகையிலைக் காடுகளிலும் உழைத்த பெற்றோர், தம் பிள்ளைகளை அப்பள்ளிகளுக்கு அனுப்பினர். இன்று நம் சங்கமே மாணவர்க்குத் துணை நின்று 25 ஆண்டுகள் நிறைவுற்றன. பெற்றவர்களாக இருந்த நாம் அளிப்பவர்களாகவும் மாறியுள்ள இவ்வேளையில், தன் செல்வத்தைக் கல்விக்கு அளித்த ஒரு பெண்மணியின் வரலாற்றை நன்றியோடும் ஐயத்தோடும் ஆராய்வது பொருத்தமாகும் என எண்ணுகின்றோம்.

அப்பெண்மணி நமக்கு அண்டை நாட்டினரே. ஒட்டன்சத்திரம் சந்தையில் ஏற்றப்படும் காய்கறி மறுநாள் விடியலில் போய்ச் சேரும் கேரளத்தில், எர்ணாகுளத்திற்கு எதிரே கடலுக்கும் காயலுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் வைப்பின் தீவில், ஓச்சந்துருத்து என்னும் ஊரில், 1831ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் 15ஆம் நாள் பிறந்தவர் எலீஸ்வா. நிலபுலன் நிறைந்த இலத்தீன் கத்தோலிக்கக் குடும்பத்தில் எட்டு மக்களுள் மூத்தவர். 2025ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் வல்லார்பாடத்தில் திரண்டிருந்த மக்கள் முன்னிலையில் கத்தோலிக்கத் திருச்சபை அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தியது. அவ்விழாச் செய்தியை நம் இளைஞர் பலரும் கேட்டிருப்பர். விழாவுக்குப் பின்னால் இருக்கும் கதையைக் கேட்டவர் சிலரே.

அந்நாளைய வழக்கப்படி 1847இல், பதினாறாம் அகவையில், கூனம்மாவு என்னும் ஊரைச் சேர்ந்த வத்தறு வாகயில் என்னும் செல்வருக்கு எலீஸ்வா மணம் செய்விக்கப்பட்டார். 1850இல் அன்னா என்னும் பெண் மகவு பிறந்தது. மகவு நடை பழகிப் பேச்சுப் பழகும் பருவத்திலேயே கணவர் நோயுற்று இறந்தார். இருபது வயதில் கைம்பெண், கையில் ஒரு குழந்தை, சுற்றிலும் செல்வம். உறவினர் மறுமணத்திற்கு வற்புறுத்தினர். எலீஸ்வா இசையவில்லை. வீட்டை ஒட்டியிருந்த களஞ்சியக் கொட்டிலைத் தனக்கு இறைவேண்டற் கூடமாக்கிக் கொண்டு, மகளை வளர்த்தவாறே, வீட்டுக்கு வந்த ஏழைகளுக்கும் நோயுற்றோர்க்கும் உதவியவாறே, பத்து ஆண்டுகளுக்கு மேலாக அமைதியாக வாழ்ந்தார். தங்கை திரேசியாவும் அவருடன் வந்து சேர்ந்துகொண்டார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று, அந்தக் களஞ்சியத்தில் குவிந்த நெல்லைப் பற்றி எண்ணிப் பார்க்க வேண்டும். எலீஸ்வா மணம் புரிந்த காலத்தில் கொச்சியிலும் திருவிதாங்கூரிலும் அடிமை முறை சட்டப்படி நிலவியது. வயலோடு சேர்த்து உழவனும் விற்கப்பட்டான். புலையரும் பறையரும் குறவரும் மாட்டுக்கு மாற்றாகக் கைமாறினர். கொச்சியில் 1854இலும் திருவிதாங்கூரில் 1855இலும் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. சட்டம் ஒழித்ததே தவிர, பொதுத்தெருவில் நடக்கும் உரிமையையும் பள்ளிக்குள் நுழையும் உரிமையையும் அது வழங்கவில்லை. அந்நாட்டுச் செல்வர் எவரையும் பற்றி எழுதும்போது இந்தப் பின்னணியை விலக்கிவிட்டு எழுதுதல் நம்மால் இயலாது. இதனை ஒருவர்மீது சுமத்தும் குற்றமாகக் கூறவில்லை. நெல் தானாக விளைவதில்லை என்பதை மட்டுமே நினைவூட்டுகின்றோம்.

1860களின் தொடக்கத்தில் எலீஸ்வா தன் உள்ளக்கிடக்கையை லியோபோல்டு பெக்காரோ அடிகளாரிடம் வெளியிட்டார். இவர் இத்தாலி நாட்டுக் கார்மேல் சபைக் குரு. துறவியாக வாழவேண்டும் என்பதே எலீஸ்வாவின் விருப்பம். ஆனால், கேரள மண்ணில் பெண்கள் துறவியாகக் கூடி வாழ ஒரு மடம்கூட அன்று இல்லை. தமிழ்நாட்டின் பக்கத்தில் புதுச்சேரியில் 1844ஆம் ஆண்டிலேயே துய்ப்புயி அடிகளார் பெண் கல்விக்கென ஒரு கன்னியர் சபையைத் தோற்றுவித்திருந்தார். தேவதாசியரைத் தவிர வேறு பெண்கள் ஏட்டைக் கையில் எடுப்பது இழுக்கு எனக் கருதப்பட்ட காலம் அது. மேற்கே அத்தகைய முயற்சி ஒன்றும் தொடங்கப்படவில்லை. பெக்காரோ அடிகளார், வராப்புழைப் பேராயர் பெர்னர்தீன் பச்சினெல்லி அவர்களிடம் இதனை எடுத்துரைத்தார். சாவறா குரியாக்கோஸ் எலியாஸ் அடிகளாரும் பணிகளில் துணை நின்றார்.

1866ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13ஆம் நாள் கூனம்மாவில் அம்மடம் தொடங்கியது. எலீஸ்வாவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. மகள் அன்னாவுக்குப் பதினாறு நிறையவில்லை. தங்கை திரேசியாவும் உடன் நுழைந்தார். தாயும் மகளும் சிற்றன்னையும் ஒரே நாளில் துறவு பூண்ட இக்காட்சி வரலாற்றில் அரிதானது. மடம் என்றதும் நம் கண்முன் கற்சுவரும் கோபுரமும் தோன்றும். அங்கு இருந்ததோ மூங்கிலைப் பிளந்து முடைந்த தட்டிகளால் அடைக்கப்பட்ட ஒரு குடில். அக்குடில் நின்ற நிலம் எலீஸ்வாவின் நிலம். பணியாளர் சூழ வாழ்ந்த இல்லத்தை விட்டு, நம் குடியிருப்புகளில் நாம் நன்கறிந்த தட்டி வீட்டுக்கு ஒரு செல்வப் பெண் தானே விரும்பிக் குடிபுகுந்தார். நம் பாட்டிமார் அத்தகைய வீட்டில் விரும்பி வாழவில்லை. வேறு வீடு இல்லாமையால் வாழ்ந்தனர். இவ்வேறுபாட்டை நாம் அறிவோம். அறிந்தும் அப்பெண்ணின் துணிவை மதிக்க நம்மால் இயலும்.

தனியாகவே இருந்து ஏழைகளுக்கு உதவியிருக்கலாமே, எதற்காக ஒரு சபை என்று இளைஞர் வினவக்கூடும். இதற்கு விடை காண அயர்லாந்தில் வாழ்ந்த கத்தரீன் மெக்காலே அம்மையாரின் வரலாறு உதவும். தன்னை வளர்த்தவர்களின் சொத்து, அக்காலத்தில் சுமார் 25,000 பவுன், அவருக்கு மரபுரிமையாக வந்தது. அப்பணத்தைக் கொண்டு டப்ளின் நகரின் பேகட் தெருவில் ஏழைப் பெண்களுக்கும் சிறுமியர்க்கும் ஓர் இல்லத்தை 1827இல் திறந்தார். துறவு சபை தொடங்கும் எண்ணம் அவருக்கு முதலில் இல்லை. இல்லறப் பெண்களும் மணமாகாப் பெண்களும் கூடிப் பணியாற்றும் இல்லமாகவே அதனை நடத்த விரும்பினார். சபை விதி இல்லாமல் துறவியர் போலப் பெண்கள் கூடி வாழ்வதா என்ற ஏச்சு எழுந்தது. இல்லத்தின் எதிர்காலம் கேள்விக்குறியாயிற்று. ஆகவே 1831இல் இரக்கத்தின் சகோதரிகள் சபை பிறந்தது. ஒருவர் கையில் உள்ள நற்செயல் அவரோடு முடிந்துவிடும். அவருக்குப்பின் அதனை ஏற்று நடத்த ஒரு சட்டமுறையான அமைப்பு வேண்டும். சங்கம் ஒன்றைப் பதிவு செய்யப் பதிவு அலுவலகத்தின் படிகளில் ஏறி இறங்கிய நம் மூத்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கூனம்மாவில் தட்டிக் குடிலின் இடத்தில் விரைவிலேயே நிலையான கட்டடம் எழுந்தது. 1868இல் பெண்களுக்கான பள்ளியும், தொலைவிலிருந்து வரும் சிறுமியர் தங்கிப் பயில விடுதியும் தொடங்கின. ஆதரவற்ற சிறுமியர்க்கும் அங்கு இடம் கிடைத்தது. எழுத்தும் படிப்பும் மட்டுமின்றித் தையலும் கைவினையும் கற்பிக்கப்பட்டன. கற்பித்தவர்களும் பெண்களே. மலையாளத்தில் 'பள்ளி' என்றால் வழிபாட்டிடம் என்று பொருள்; நமக்கோ 'பள்ளி' என்றால் பாடம் படிக்குமிடம். கூனம்மாவில் அவ்விரு பொருளும் ஒரே வளாகத்தில் பொருந்தின எனலாம். விடுதியின் பயனை நாம் தனியே குறிப்பிட விரும்புகின்றோம். பள்ளி என்பது காலையில் சென்று மாலையில் திரும்பும் இடம்; மாலையில் வீடு திரும்பும் சிறுமியை வீட்டு வேலையும் காட்டு வேலையும் பிடித்துக்கொள்ளும். விடுதிதான் அவளுக்கு இரவில் விளக்கையும் ஏட்டையும் தருகிறது. நிலக்கோட்டை, வேடசந்தூர் வட்டாரங்களிலிருந்து வந்து நகரத்து விடுதிகளில் தங்கிப் படித்துப் பட்டம் பெற்ற நம் பெண்களைக் கேட்டால் இதன் அருமையைக் கூறுவர்.

இனி, இவ்வரலாற்றில் நம் நெஞ்சைப் பெரிதும் உறுத்தும் பகுதிக்கு வருவோம்.

கேரளக் கத்தோலிக்கருள் இரு மரபினர் உண்டு. தோமா மரபினர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் சிரியன் முறையினர் ஒரு சாரார். போர்த்துக்கீசியர் காலம் முதல் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டி வளர்ந்த இலத்தீன் முறையினர் மற்றொரு சாரார். இவர்களுக்கிடையே வழிபாட்டு மொழியில் மட்டும் வேறுபாடு இருந்தது என எண்ணிவிடலாகாது. குல உயர்வு தாழ்வு பற்றிய எண்ணமும் உடன் இருந்தது. கூனம்மாவு மடத்தில் இரு மரபுப் பெண்களும் ஒரே கூரையின்கீழ், ஒரே பந்தியில் உண்டு வாழ்ந்தனர். 1887ஆம் ஆண்டில் திருத்தந்தை 13ஆம் லியோ இரு மரபினரையும் தனித்தனி ஆட்சிக்கு உட்படுத்தினார். அதன் விளைவாக 1890இல் மடமும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கூனம்மாவுக் கட்டடம் சிரியன் முறையினர் பக்கம் சென்றது. எலீஸ்வா அம்மையாரும் மகள் அன்னாவும் தங்கை திரேசியாவும், தாம் தொடங்கிய மடத்தை விட்டு, தம் நிலத்தில் எழுந்த கட்டடத்தை விட்டு, வெளியேற வேண்டியவர் ஆயினர். வராப்புழையில் உள்ள புனித சூசையப்பர் மடத்திற்குச் சென்று அம்மூவரும் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்கினர். அம்மையாருக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது.

வழக்கு மன்றம் ஏறினாரா, முறையிட்டுக் கதறினாரா என்றால், அப்படி ஒன்றும் இல்லை, கீழ்ப்படிந்து சென்றார். அவருடைய புனிதத்திற்கு அதனையே சான்றாகக் காட்டுவர். நாம் அதனை மறுக்கவில்லை. ஆயினும், வெளியேறு என்ற சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த சமுதாயத்தினராகிய நாம், கீழ்ப்படிதலை மட்டும் புகழ்ந்துவிட்டு அப்பால் செல்ல இயலாது. கொடுத்தவரே வெளியேறும் நிலை எவ்வாறு நேர்ந்தது? நிலம் கொடுத்தவருடையது, உழைப்பு கொடுத்தவருடையது. முடிவெடுக்கும் அதிகாரமோ வேறிடத்தில் இருந்தது. காரணம் அவ்வளவே.

தாளில் எழுதப்பட்டது யாருக்கு, முடிவு யார் கையில் என்னும் வினாவை நம்மினும் நன்கு அறிந்தவர் எவர்? 1891இல் செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் துரை, பறையர் குடிகளின் அவலநிலை பற்றி விரிவான அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கச் சென்னை மாகாண அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என நாம் அழைப்பது அதனையே. பிறருக்கு விற்கக்கூடாது என்னும் விதி தாளில் இருந்தது. தாள் அறியாத மக்களிடமிருந்து அந்நிலம் கடனுக்கும் கைந்நாட்டுக்கும் ஈடாகக் கைமாறியது. 1994இல் மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் அந்நிலத்தை மீட்கும் போராட்டத்தை ஒட்டி இளைஞர் இருவர் உயிர் நீத்தனர். கைந்நாட்டு வைத்த தலைமுறைக்கும் கையொப்பமிடும் தலைமுறைக்கும் இடையில் உள்ள தொலைவுதான் கல்வி. நம் சங்கம் தோன்றியதன் காரணமும் அதுவே.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க மற்றொரு நிகழ்ச்சி அமெரிக்காவில் நடைபெற்றது. பிலடெல்பியா நகரின் பெரும் வங்கியாளர் பிரான்சிஸ் டிரெக்சல் 1885இல் இறந்தபோது விட்டுச்சென்ற சொத்து சுமார் 155 லட்சம் டாலர். அதில் பத்தில் ஒரு பங்கு அறநிலையங்களுக்கு. எஞ்சியதன் வருவாய் மூன்று பெண்மக்களுக்கு. இரண்டாம் மகள் கத்தரீன், 1887இல் ரோமாபுரி சென்று திருத்தந்தையைக் கண்டு, அமெரிக்கச் செவ்விந்தியர்க்குப் பணியாற்றக் குருக்களை அனுப்புமாறு வேண்டினார். "நீயே ஏன் போகக்கூடாது?" என்னும் பொருள்பட அவர் திருப்பிக் கேட்டாராம். அத்திருத்தந்தை யாரெனில், அதே ஆண்டில் கேரளத்து மரபுகளைப் பிரித்த அதே 13ஆம் லியோ! கத்தரீன் 1891இல் துறவு வாக்களித்து, செவ்விந்தியர்க்கும் கறுப்பின மக்களுக்கும் பணியாற்றவே ஒரு சபையைத் தோற்றுவித்தார். 1955இல் தன் தொண்ணூற்றாறாம் வயதில் இறக்கும்வரை அவர் அளித்த தொகை சுமார் 2 கோடி டாலர் என்பர். நியூ ஆர்லியன்சு நகரில் அவர் 1915இல் தொடங்கிய பள்ளி 1925இல் கல்லூரியாக உயர்ந்தது. சேவியர் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் அது இன்றும் கறுப்பின மருத்துவர்களையும் மருந்தியல் வல்லுநர்களையும் உருவாக்கி வருகிறது. 2000ஆம் ஆண்டில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பெற்றது.

இத்தகைய பெருங்கொடைக்கும் ஒரு முடிவு இருந்தது. தந்தையின் உயில் வருவாயை மட்டுமே மக்களுக்கு வழங்கியது. மூன்று பெண்மக்களும் வாரிசின்றி இறந்தால் முதல் முழுவதும் உயிலில் பெயர் குறிக்கப்பட்ட அறநிலையங்களுக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. உயில் எழுதப்பட்டபோது கத்தரீனின் சபை பிறக்கவே இல்லை; ஆகவே அப்பட்டியலில் அதன் பெயர் இல்லை. 1955இல் அம்மையார் கண்மூடியதோடு அச்சபைக்கும் அதன் பள்ளிகளுக்கும் அச்செல்வத்தின் ஊற்று அடைபட்டது. கறுப்பின மக்கள்மீது இவ்வளவு அன்பு பூண்ட அச்சபை, கறுப்பினப் பெண்களை உறுப்பினராக நெடுங்காலம் சேர்க்கவில்லை என்பதையும் கூறத்தான் வேண்டும். கறுப்பினப் பெண்களுக்கென ஏற்கெனவே இருந்த சபைகள் நலிந்துவிடக் கூடாது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். காரணம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதனைக் கேட்கும்போது நம் காதில் வேறு சில பழைய காரணங்களும் சேர்ந்தே ஒலிக்கின்றன.

ஏற்கெனவே இருந்த அச்சபைகளுள் மூத்ததைத் தொடங்கியவர் எலிசபெத் லாஞ்சு என்னும் கறுப்பினப் பெண்மணி. கியூபாவிலிருந்து வந்து, அடிமை முறை நிலவிய மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் குடியேறியவர். தந்தை வழியாக அவருக்குச் சிறிது பணம் கிடைத்தது. அப்பணத்தில் தன் வீட்டிலேயே கறுப்பினச் சிறுவர்க்குக் கட்டணமின்றிக் கல்வி புகட்டினார். ஜூபேர் அடிகளாரின் துணையோடு 1829இல் கறுப்பினப் பெண்களுக்கான முதல் துறவு சபையைத் தோற்றுவித்தார். டிரெக்சல் அம்மையாரின் கோடிகளோடு ஒப்பிட்டால் லாஞ்சு அம்மையாரின் செல்வம் கைப்பிடி அரிசி. அவ்வரிசியில் உலை வைத்த பள்ளி, கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளாகப் பால்டிமோரில் நடைபெற்று வருகிறது. பெரிய கொடை சிறியது என்றோ சிறிய கொடை பெரியது என்றோ நாம் கூற வரவில்லை. நம் சங்கத்தின் உறுப்பினர் கூலியிலிருந்து மாதந்தோறும் ஒதுக்கிய தொகையைச் சிறிதென எவரும் எண்ண வேண்டாம் என்பதற்காகவே இதனை எடுத்துக்காட்டினோம்.

மீண்டும் எலீஸ்வா அம்மையாரிடம் வருவோம். மடம் மட்டும் கைமாறவில்லை, பெயரும் கைமாறியது. பிரிவினைக்குப்பின் இரு கிளைகளும் தனித்தனியே வளர்ந்து, ஆயிரக்கணக்கான சகோதரிகளைக் கொண்ட சபைகளாயின. ஒரு கிளையினர் சாவறா அடிகளாரையும் பெக்காரோ அடிகளாரையும் தம் சபையைத் தோற்றுவித்தோர் என்கின்றனர். வராப்புழைக் கிளையினர் எலீஸ்வா அம்மையாரையே தோற்றுநர் என்கின்றனர். அடிகளார் இருவரின் உழைப்பையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆட்சியாளரிடம் பேசவும் விதி வகுக்கவும் கட்டடம் எழுப்பவும் அவர்கள் பாடுபட்டனர். ஆயினும், அவர்கள் துணைபுரிய அங்கு ஒரு செயல் இருந்தமையால்தான் துணைபுரிந்தனர். கைம்பெண் ஒருத்தி பத்தாண்டுகளுக்கு மேலாகக் களஞ்சியக் கொட்டிலில் இருந்து வளர்த்த எண்ணம் அது. அவள் நிலம் அது. முதலில் நுழைந்தவள் அவள். அவளை 'முதல் உறுப்பினர்' என்று எழுதுவதற்கும் 'தோற்றுநர்' என்று எழுதுவதற்கும் இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரிது. அவ்வேறுபாட்டைத் தீர்க்க ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 2008இல் அவரது புனிதர் பட்டத்திற்கான பணி தொடங்கியது. 2023இல் வணக்கத்திற்குரியவர் என அறிவிக்கப்பெற்றார். 2025இல் அருளாளர் ஆனபோது தோற்றுநர் என்றே ரோமாபுரி அவரைக் குறிப்பிட்டது. வராப்புழைச் சகோதரிகள் பழைய கடிதங்களையும் மடத்து நாட்குறிப்புகளையும் தேடித் திரட்டிப் பாதுகாத்திராவிடில் இது நடந்திராது. நம் சங்கத்தின் முதற் கூட்டத்து நடவடிக்கைக் குறிப்பேடும், முதல் நன்கொடைப் பற்றுச்சீட்டும், முதலில் விடுதிக்கு அரிசி சுமந்து வந்த பெண்களின் பெயர்களும் எங்கே உள்ளன என்று இளைஞர் தேடட்டும்.

பெண் என்னும் தடையை எலீஸ்வா அம்மையார் தகர்த்தார். சாதி என்னும் தடையைத் தகர்க்க அந்நாட்டில் வேறொருவர் தோன்ற வேண்டியிருந்தது. மடம் தொடங்குவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1863இல், திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் புலையர் குடியில் பிறந்தவர் அய்யன்காளி. எழுத்தறியாதவர். 1893இல் வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் சென்றார். 1907இல் சாதுசன பரிபாலன சங்கத்தை நிறுவினார். எம் பிள்ளைகளுக்குப் பள்ளி திறவாவிடில் உங்கள் வயலில் இறங்கோம் என்று உழவர்களைத் திரட்டி நிறுத்தினார். 1910இல் ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று அமர வைத்தார். ஆதிக்கச் சாதியினர் அப்பள்ளிக்கே தீ வைத்தனர். கூனம்மாவில் பெண்கள் பள்ளி தொடங்கி அப்போது 42 ஆண்டுகள் ஆகியிருந்தன. கிறித்துவராக மாறிய புலையரும் அக்காலத்துத் திருச்சபைகளில் தனித்தே நிறுத்தப்பட்டனர். அதனைப் பொறாமல்தான் பொய்கையில் யோகன்னான் வெளியேறித் தனிச் சபை கண்டார். நம் பகுதி ஆலயங்களிலும் கல்லறைகளிலும் இருந்த தடுப்புகளைப் பற்றி இம்மலரின் வாசகர்க்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எலீஸ்வா அம்மையார் வராப்புழையில் மேலும் 23 ஆண்டுகள் வாழ்ந்தார். மீண்டும் சிறுமியர், மீண்டும் விடுதி, மீண்டும் தையல் ஊசியும் ஏடும். 1913ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள், எண்பத்தோராம் வயதில் காலமானார். அவரது கல்லறை அங்கேயே உள்ளது. அதனைக் காணக் கேரளம் செல்லும் நம் இளைஞர் அங்கிருந்தே திரும்பிவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கின்றோம். தெற்கே ஒரு பகல் பயணத்தில் ஊரூட்டம்பலம் உள்ளது. 2022இல் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரும் சூட்டப்பெற்றன. பஞ்சமி அமர்ந்ததாகச் சொல்லப்படும் பலகை, தீயில் பாதி கருகிய நிலையில், அங்கே வைக்கப்பட்டுள்ளது.